கட்டாத பீஸ்

விழுப்புரத்தை அடுத்த கெடாரில் சீனுவாசன் வீட்டில் இரண்டு மிக்சி உண்டு. ஒன்று அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அது அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. ஓடுமா ஓடாதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இன்னொன்று விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசி வாங்கியது. அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறது. மனைவி பாஞ்சாலி அதில் கொஞ்சம் கெட்டியாகச் சட்னி அரைத்தால் போதும், "காசு குடுத்து வாங்கினதுடி, பாத்து" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சீனுவாசனைக் கஞ்சன் என்று சொன்னால் பாவம். நல்லது கெட்டதுக்குச் செலவழிக்கிறவன்தான். காசு கொடுக்காமல் வந்த பொருளை அவன் மனசு பொருளாகவே எடுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவன் அந்த மாட்டைத் திரும்பியே பார்க்க மாட்டான்.

இந்தக் குணத்தால் பாஞ்சாலிக்கு வந்த கஷ்டம் மிக்சியோடு நிற்கவில்லை.

திண்டிவனம் பக்கத்தில் பால் குளிரூட்டும் நிலையம் வைத்திருந்த ஒரு தனியார் கம்பெனி, கெடாரைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் எடுக்கும் இடங்களைத் தினமும் போய்ப் பார்த்து வர ஒரு பெண்ணைத் தேடியது. பிளஸ் டூ படித்திருக்க வேண்டும், மாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வண்டியைக் கம்பெனியே தரும். ஆனால் தை பிறப்பதற்குள் லைசென்ஸோடு வந்து நிற்க வேண்டும். பாஞ்சாலி பிளஸ் டூ பாஸ். அந்த மார்க் ஷீட்டைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. இப்போதுதான் முதன்முதலாக ஒருத்தர் கேட்கிறார். மகளும் பாண்டிச்சேரி ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இந்த வேலை கிடைத்தே தீர வேண்டும் என்று பாஞ்சாலி மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். பழகுநர் உரிமமும் எடுத்துவிட்டாள். ஒரே ஒரு தடங்கல், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

புருஷனிடம் வண்டி கற்றுக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டவள் எந்த ஊரிலும் இல்லை. அதனால் விழுப்புரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டி சொல்லித் தரும் சாந்தினியிடம் போய்ச் சேர்ந்தாள்.

சாந்தினி பாஞ்சாலியைவிடப் பத்து வயது சின்னவள். திண்டிவனத்தில் பிறந்து, விழுப்புரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜினேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு. அதனால் மாலையில் வகுப்பு வைக்க முடியாது. காலையில் ஆறிலிருந்து ஏழு வரை, ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சொல்லித் தருவாள். அதற்கு ஒரு பைசா வாங்க மாட்டாள். "படிப்பையும் மருந்தையும் விக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாருக்கா. ரெண்டும் தானமாத்தான் தரணும்" என்றாள்.

தானம் வாங்கத்தான் ஆளில்லை. பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். மைதானத்துக்கு வந்தது இரண்டு மூன்று பேர். ஒருத்திக்கு மாமியார் ஊருக்குப் போயிருந்தார், ஒருத்திக்கு மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டார். சாந்தினி ஆறு மணிக்கே இரண்டு ஸ்கூட்டியோடு வந்து நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாஞ்சாலியின் கதையும் அதேதான். ஐந்து மணிக்குக் கறவை. ஐந்தே காலுக்கு முதல் பஸ். கறந்துவிட்டுப் போனால் பஸ் இல்லை, பஸ்ஸைப் பிடித்தால் கறக்க ஆளில்லை.

"இன்னிக்கி ஒரு நாளு நீங்க கறங்களேன்" என்றால், சீனுவாசன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

"ஓசி கிளாசுதான? எங்க ஓடிப் போவுது? நாளைக்குப் போய்க்க."

நாளைக்கு வயலில் மல்லாட்டைச் செடிக்குக் களை எடுக்க ஆள் வரும். மறுநாள் அவன் தங்கச்சி வருவாள். வகுப்பு தொடங்கிப் பாதி மாசம் ஓடியும் பாஞ்சாலி மைதானத்தை மிதித்தது மூன்றே தடவை. வண்டியை நிமிர்த்திப் பிடிக்கவே இன்னும் வரவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. அன்று காலை சட்னி அரைக்கும்போது மறுபடி அந்தக் குரல் வந்தது: "காசு குடுத்து வாங்கினதுடி!" பாஞ்சாலி மிக்சியைப் பார்த்தாள். அப்புறம் பரணைப் பார்த்தாள். அவள் பொய் பேசிப் பழகியவள் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் பொய் ரெடிமேடாக வாயில் வந்து நின்றது.

"ஏங்க, அந்த டீச்சரு இனிமேட்டு சும்மா சொல்லித் தர மாட்டாங்களாம். மூவாயிரம் கட்டணுமாம்."

சீனுவாசன் எழுந்து உட்கார்ந்தான். இத்தனை நாளில் அந்த வகுப்பைப் பற்றி அவன் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மூவாயிரமா? அப்படி இன்னா சொல்லித் தர்றாங்க?"

"எட்டு போடறதெல்லாம் சொல்லித் தர்றாங்க."

"எட்டு போடவா மூவாயிரம்? கொறைக்கச் சொல்லிப் பேசு."

மறுநாள் பாஞ்சாலி, பேசியதில் ஐநூறு குறைந்தது என்று சொன்னாள். சீனுவாசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போதே எடுத்துக் கொடுத்தான். அதை அவள் தன் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சாந்தினியிடம் மறைக்கவில்லை. கேட்டதும் அவள் முகம் சுருங்கிப் போனது.

"அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன்னு விரதம் எடுத்தவ. அவரு என்னக் கேக்காத வரைக்கும் நானா போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா உண்மையத்தான் சொல்வேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"அவரு இன்னாத்துக்கு இங்க வரப் போறாரு?" என்றாள் பாஞ்சாலி.

காசு கொடுத்த சீனுவாசன் வேறு ஆளாகிப் போனான். மறுநாள் விடியுமுன் அவன்தான் அவளை எழுப்பினான். "எழுந்திருடி ஜல்தி! காசு கட்டிட்டுத் தூங்கினா எப்படி?" கறவைக்கு அவனே சொம்பை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் செவலை மாட்டுக்குப் பாஞ்சாலி கை மட்டும்தான் பழக்கம். புதுக் கையைக் கண்டதும் விட்ட உதையில் சொம்பு ஒரு பக்கம், சீனுவாசன் ஒரு பக்கம். இரண்டு நாள் முட்டியைத் தடவிக்கொண்டே கறந்து பார்த்தான். பால் பாதிதான் இறங்கியது. மூன்றாம் நாள் பாஞ்சாலியின் பழைய புடவையை எடுத்துத் தோளிலிருந்து முழங்கால்வரை சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தான். மாடு ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பாதுரை இதைப் பார்த்துவிட்டான். "இன்னா சீனு, உங்க ஊட்டுக்குப் புது மருமவ வந்துகிறாளா?" என்றான். காலை எட்டு மணிக்குள் டீக்கடை முழுக்கச் சிரித்தது. வேறு சமயமாக இருந்தால் அந்தப் புடவையை அடுப்பில் வைத்திருப்பான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் சுற்றிக்கொண்டான்.

அதோடு விட்டானா? கூடப் பிறந்த தம்பிக்குக்கூடத் தராத தன் எக்செல் வண்டியைச் சாயங்காலம் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அடுப்புச் சாம்பலை அள்ளித் தரையில் எட்டுப் போட்டான். அவள் வளைந்து வளைந்து வர, பின்னாலேயே கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "கால ஊனாத! கால ஊனாத! காசு கட்டிகிறோம்!" என்று மூச்சிரைக்கக் கத்தினான். அவள் திரும்பி வருவதற்குள் கேப்பங்கூழ் கரைத்து வைக்கவும் கற்றுக்கொண்டான். கட்டி கட்டியாகத்தான் இருக்கும். பாஞ்சாலி அதைக் குடித்துக்கொண்டே அழுகையை அடக்குவாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவன் ஓடி அவள் பார்த்ததில்லை. ஓடுகிற இந்த நேரம் பார்த்து அவள் அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். சொன்னால் வண்டி நின்றுவிடும், வண்டி நின்றால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொள்வாள்.

டெஸ்டுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மைதானத்தில் எட்டின் நடுத் திருப்பத்தில் அவள் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்ததும் சீனுவாசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை.

"சொளையா ரெண்டாயிரத்து ஐநூறு வாங்கிகினு இப்படியா சொல்லித் தர்றது? அந்த டீச்சரம்மாவ நாலு வார்த்த கேக்கணும்."

"விட்டுடுங்க, எம்மேலதான் தப்பு" என்று பாஞ்சாலி எவ்வளவோ சொன்னாள். அவன் அப்போது தலையாட்டிவிட்டு, மறுநாள் பாலை ஊற்றியதும் அடுத்த பஸ் பிடித்து மைதானத்துக்கே வந்துவிட்டான். பாஞ்சாலி எட்டின் நடுவில் இருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்து அப்படியே நின்றாள்.

"ஏம்மா, நீதான டீச்சரு?"

"ஆமாங்கண்ணா, வாங்க. அக்கா வீட்டுக்காரருங்களா?"

"ஆமா. காச மொதல்லயே எண்ணி வாங்கிக்கிறீங்க. டெஸ்டு கிட்ட வந்துடுச்சு, அவ இன்னும் வுழுந்துகினு கெடக்கிறா. இன்னாம்மா நாயம் இது?"

சாந்தினி திரும்பிப் பாஞ்சாலியை ஒரு தரம் பார்த்தாள். பாஞ்சாலி கண்ணாலேயே கெஞ்சினாள். சாந்தினி நிதானமாகச் சொன்னாள்.

"நான் யாருகிட்டயும் காசு வாங்கறதில்லண்ணா. எங்க வீட்ல அந்த வழக்கமில்ல."

"இவ கட்டினாளே?"

"அக்காவும் கட்டலைங்க."

சீனுவாசன் சாந்தினியைப் பார்த்தான், பாஞ்சாலியைப் பார்த்தான். அவன் முகம் கறுத்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்ணா" என்றாள் சாந்தினி. "சும்மா சொல்லித் தர்றேன்னப்ப பத்துப் பேரு பேரு குடுத்தாங்க. ஒருத்தரு ஒழுங்கா வரல. அக்காவும் வரல. நீங்க காசு கட்டினதா நெனச்ச நாள்லேர்ந்து அக்கா ஒரு நாள்கூட நிக்கல. நானும் அத யோசிச்சிகினுதான் இருக்கேன். அக்காவக் கோச்சிக்காதீங்க."

அவன் திரும்பி நடந்தான். ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போனார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி பெட்டியைத் திறந்து காசை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "தப்புதாங்க" என்றாள். அவன் அதைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எக்செல் வண்டி களத்துக்குப் போகவில்லை. சாம்பல் எட்டைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்தது, இனி யார் கேட்டாலும் இந்த வீட்டில் வண்டிப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

அழுது அசந்து தூங்கியதில் விடிகாலை விழிப்பே வரவில்லை. சொர் சொர் என்று சொம்பில் பால் விழும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தாள். மாட்டுக் கொட்டகையில் சீனுவாசன் உட்கார்ந்திருந்தான். உடம்பைச் சுற்றி அவள் புடவை.

"இன்னா பாத்துகினு நிக்கிற? பஸ்ஸு போயிடும்."

பாஞ்சாலிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அது ஓசி கிளாசுதான" என்றாள்.

சீனுவாசன் கறப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"யாருக்குடி ஓசி? அந்தம்மா சும்மா சொல்லித் தரலாம். நான் சும்மாவா அனுப்பினேன்? இந்த மாட்டுகிட்ட ஒத வாங்கினது யாரு? பொடவ சுத்திகினு ஊரு வாயில வுழுந்தது யாரு? களத்துல நாயி மாரி நாக்கு தள்ள ஓடினது யாரு? காசுன்னா பொட்டியிலிருந்து எடுத்துக் குடுத்துடுவ. இதெல்லாம் எந்தப் பொட்டியிலேர்ந்து எடுத்துக் குடுப்ப? பாதியில நின்னு பாரு, அப்புறம் தெரியும் சேதி!"

பாஞ்சாலி தூணைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பொய் சொன்னது தப்புதான்" என்றான் அவன், கொஞ்சம் இறங்கிய குரலில். "காசு வேணும்னு நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"காசு கேட்டா குடுத்திருப்பீங்க. எனக்குக் காசு வேணாங்க. இந்தக் காலம்பர நேரந்தான் வேணும். அத எத்தினியோ நாளு கேட்டேன். குடுத்தீங்களா?"

சீனுவாசன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். "கூழு கரைச்சு வெச்சிகிறேன், குடிச்சிட்டுப் போ" என்றான்.

பாஞ்சாலி குளிக்காமல்கூட ஓடிப் போய்ப் பஸ்ஸைப் பிடித்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, அன்று மைதானத்தில் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. நடுத் திருப்பத்தில் கால் ஊனாமல் நாலு தடவை வளைந்து வந்தாள். சாந்தினி கை தட்டினாள். "அக்கா, நேத்து ராவெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. உண்மையச் சொல்லி உங்க வேலையக் கெடுத்துட்டேனோன்னு இருந்திச்சு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெஸ்டு அன்று சீனுவாசனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தான். பாஞ்சாலிக்கு முன்னால் ஓட்டிய இரண்டு பையன்கள் கால் ஊன்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அவள் பெயரைக் கூப்பிட்டதும் சீனுவாசன் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டான். பின்னால் வண்டிச் சத்தம் வளைந்தது, நெளிந்தது, மறுபடி வளைந்தது. "சரிம்மா, போதும், போ" என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகுதான் திரும்பினான். "கால ஊனினியா?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். வரும் வழியில் அந்த ரெண்டாயிரத்து ஐநூறிலிருந்து ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தான். கம்பெனியே தரும் என்றாள் அவள். "ஓசி ஹெல்மெட்டு தலைக்கு ஒதவாது" என்று அடித்துச் சொல்லிவிட்டான். நோய் அவ்வளவு சீக்கிரம் தீராது.

கெடாரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பாதுரை டீக்கடை வாசலில் நிற்கிறான். இவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே சேதி அவன் காதுக்கு வந்துவிட்டது.

"பாஞ்சாலிக்கு லைசென்சு கெடைச்சிடுச்சாமே. அந்தம்மா சும்மாவே சொல்லித் தர்றாங்களாம்? எம் பொண்டாட்டி அமலாவும் ரொம்ப நாளா கேட்டுகினுகிறா. அனுப்பலாம்னு பாக்கறேன். சும்மாதான?"

சீனுவாசனுக்கு ரோஷம் தலைக்கேறியது.

"எவன்டா சொன்னது சும்மான்னு? காலம்பர நாலரைக்கு நீ எழுந்திருக்கணும். நீ வாசல் தெளிக்கணும், நீ சாணி அள்ளணும், நீ நாஷ்டா பண்ணணும். அவ லைசென்சு எடுக்கற வரைக்கும் ஒரு நாளு தவறக் கூடாது. அதான் பீசு. கட்ட முடிஞ்சா அனுப்பு."

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. அப்பாதுரை அவனை நம்பவில்லை. "கத கட்டாத" என்று சொல்லி, பாஞ்சாலியிடம் நம்பர் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுச் சாந்தினிக்கே போன் பண்ணினான்.

"ஏம்மா, நான் கெடாரு அப்பாதுரை பேசறேன். வண்டி கத்துக்கறதுக்குப் பீசு, ஊட்டுக்காரன் காலம்பர எழுந்து ஊட்டு வேல பாக்கணும்னு இந்த சீனு சொல்றான். இது நெசமா?"

பாஞ்சாலி போனையே பார்த்தாள். சாந்தினி பொய் சொல்ல மாட்டாள். அந்தப் பக்கம் ஸ்கூட்டி ஒன்று நிற்கிற சத்தம் கேட்டது. சாந்தினி யோசிக்கிறாள் என்று தெரிந்தது. இத்தனை நாளாகக் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள், இப்போது நன்றாகவே யோசித்தாள்.

"ஆமாங்கண்ணா, நெசந்தான்" என்றாள். "இன்னியிலேர்ந்து அதான் பீசு. முழுசாக் கட்டினாத்தான் சேத்துக்குவேன்."

டீக்கடையில் சிரிப்பு நின்றுபோனது. அப்பாதுரை தலையைச் சொறிந்துகொண்டே போனை அணைத்தான். அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பாஞ்சாலியின் சீட்டில் அமலா உட்கார்ந்திருந்தாள்.